லா சப்பலில் சீட்டு விழுந்த ஞாயிறு

2023 ஒக்டோபர் 12, வியாழக்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். கைக்கடிகாரம் எட்டரை காட்டியது. அதை யாழ்ப்பாண நேரத்திலேயே விட்டிருக்கிறேன். முகம் கழுவி, சவரம் செய்து, பத்து நிமிடம் செபம் செய்து, முதல் நாள் குறிப்பை எழுதி முடித்தேன். மானிப்பாயில் என்றால் அடுத்ததாகச் சைக்கிளில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போவேன். இங்கே வெளிக்கதவுக்கு ஓர் இலக்கம் இருக்கிறது. அது தெரியாமல் கீழே இறங்கினால் திரும்பி ஏற முடியாது என்று அக்கா எச்சரித்திருந்தபடியால் ஜன்னலருகே கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன்.

பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பலை ஒட்டிய மார்க்ஸ் டோர்மோயில், அக்காவின் நான்காம் மாடி வீடு. கீழே ஒருவர் வீதி ஓரத்துத் தண்ணீரைப் பச்சைத் தும்புத்தடியால் கூட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்துப் பேக்கரியில் விளக்கு எரிந்தது. ஆறரைக்கு அக்கா எழுந்து வந்து, "இருட்டுக்கை இருந்து என்ன பாக்கிறாய்? இஞ்சை எட்டு மணிக்குத்தான் விடியும்," என்று விளக்கைப் போட்டார்.

நான் வந்தது ஒரே ஓர் அலுவலுக்காக. என் அக்கா நேசத்தின் கணவர், என் அத்தான், ஆகஸ்ட் மாதம் இறந்தார். ஊரில் ஆசிரியராக இருந்தவர். இங்கும் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். இந்த வீட்டு முன்னறையில் பதினேழு வருடமாக ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு சிறு சபை கூடுகிறது. பாட்டு, வாசிப்பு, செபம், பாண் பிட்டுப் பகிர்வது, தேநீர். மாஸ்டர் நடத்தினார். அவருக்குப் பிறகு யார் நடத்துவது என்பதைத் தீர்க்கத்தான் அக்கா என்னைக் கூப்பிட்டார். நான் குருவானவர் அல்ல. பிறப்பு இறப்புப் பதிவுக் கந்தோரில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவன்.

"கை உயர்த்தினால் ஆர் ஆருக்கு உயர்த்தினது எண்டு முகம் தெரியும், சீலன்," என்றார் அக்கா, தேநீரை ஆற்றியபடி. "பின் வீதியிலை ஒரு கூடுகை அப்பிடித்தான் ரெண்டாய்ப் போனது. இப்ப கடையிலை மரக்கறி எடுக்கேக்கையும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கினமில்லை."

"அப்ப?"

"வேதத்திலை முதல் சபை செய்த மாதிரிச் செய்வம். ரெண்டு பேரை நிப்பாட்டி, செபம் பண்ணிச் சீட்டுப் போடுவம். இஞ்சை உள்ள ஆர் எடுத்தாலும் கதை வரும். நீ வெளி ஆள். உன்ரை கையிலை ஒருத்தரும் பிழை சொல்ல மாட்டினம்." கொஞ்சம் நிறுத்தி, "இந்தச் சபையும் உடைஞ்சுதெண்டால் எனக்கு இந்த வீட்டிலை ஒண்டுமில்லை," என்றார்.

நான் அறிந்த சபைக்கு மணி உண்டு, மதில் உண்டு, மேலிடத்திலிருந்து வரும் மாற்றக் கடிதம் உண்டு. போதகர் போனால் இன்னொரு போதகர் வருவார். யாரும் சீட்டுப் போடுவதில்லை. இங்கே இருப்பது ஒரு வாடகை அறை, பதினான்கு கதிரை, ஒரு சோபா. முதல் இருநூறு வருடம் கிறிஸ்தவர்கள் கூடியதும் இப்படி வீடுகளில்தான். அதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆனால் கதிரைகளைச் சுவரோரம் அடுக்கி, சபைக்கு விரிக்கும் மேசைவிரிப்பிலேயே சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அது எனக்குப் புரிந்தது.

நிறுத்தப்பட்ட இருவரில் ஒருவர் அருள். புதன்கிழமை விமான நிலையத்துக்கு வந்து என்னை அழைத்து வந்தவரும், மின்தூக்கி பழுதாகியிருந்ததால் என் பெட்டியை நான்கு மாடி தூக்கி ஏறியவரும் அவரே. வயது நாற்பத்தொன்பது, மணமாகாதவர், ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். விரல் நுனிகள் எப்போதும் தண்ணீரில் ஊறி வெளிறியிருந்தன.

அன்று மாலை வேலையிடத்திலிருந்து நேரே வந்தார். அவருக்கு முன்பே ரட்ணம் அண்ணை வந்திருந்தார். லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், சபையில் மூத்தவர், வாய் சும்மா இருக்காதவர். தேநீர் குடித்து முடிந்ததும் அருள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார்.

"ரெஸ்தோவிலையும் கோப்பை, இஞ்சையும் கோப்பை. உனக்கு மோட்சத்திலையும் ஒரு சிங்க் கட்டி வைச்சிருப்பினம்," என்றார் ரட்ணம் அண்ணை.

"சும்மா இருங்கோ அண்ணை. ஸ்தேவானையும் பந்தி பாக்கத்தானே தெரிஞ்செடுத்தவை."

"அவருக்குப் பேந்து கல்லாலை எறிஞ்சவை. அதையும் யோசிச்சுக்கொள்."

"எறிஞ்சால் கல்லையும் கழுவி அடுக்குவன்," என்ற பதில் குசினியிலிருந்து வந்தது. மூன்று பேரும் சிரித்தோம். எருசலேமில் விதவைகளுக்குச் சாப்பாடு ஒழுங்காகப் போய்ச் சேர ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் அந்த ஏழு பேரில் ஒருவர். சமையலறை வேலையில் இருக்கும் ஒருவருக்கு அந்தக் கதை இவ்வளவு கைவசமாக இருந்தது எனக்குப் பிடித்தது.

வெள்ளிக்கிழமை. அக்காவோடு கடைத்தெருவுக்குப் போனேன். முருங்கைக்காய், வல்லாரை, கறுவேப்பிலை, யாழ்ப்பாணத்தில் இப்போது கிடைக்காத அளவுக்குப் பெரிய பாவற்காய். நடைபாதையில் நின்று சூடாக ரோல்ஸ் சாப்பிட்டோம். உள்ளே உருளைக்கிழங்கு, மிளகு தூக்கல். எங்கும் எங்கள் பேச்சு. ஒரு தாய் "கெதியா வா" என்று கூப்பிட, மகள் பிரெஞ்சில் பதில் சொல்லிக்கொண்டே மெதுவாக நடந்தாள்.

மாலை ஆறு மணிக்கு மற்றவர், யோகன், வந்தார். முப்பத்தெட்டு வயது. கூசேன்விலில் குடும்பம், விமான நிலையத்தில் வேலை. அத்தானின் ஓய்வூதியம் பற்றி வந்த கடிதத்தை அக்காவுக்கு வாசித்து விளக்கி, அங்கேயே பதிலும் எழுதினார். முகவரியில் ஓர் எழுத்துப் பிழையாகத் தோன்ற, தாளைக் கிழித்துப் புதிதாக எழுதினார். எனக்கு அவரையும் பிடித்துப் போயிற்று. நல்ல பிரெஞ்சு, நல்ல குரல். சபையின் பிள்ளைகளுக்குப் பாதி பிரெஞ்சில் விளக்குபவர். சபைக்கு வந்து ஆறு வருடம்.

போகும்போது வாசலில் என்னிடம், "அண்ணை, எனக்கு விழுந்தாலும் சரி, அருள் அண்ணைக்கு விழுந்தாலும் சரி. மேலை இருந்து வந்ததெண்டு எல்லாரும் நம்ப வேணும். உங்களிட்டைத்தான் இருக்கு," என்றார்.

அந்தச் சொல் எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இங்கே எழுதியாக வேண்டும்.

சனிக்கிழமை காலை மேசையில் வேலை தொடங்கினேன். நாட்குறிப்பின் கடைசித் தாளைக் கிழித்து, அடிமட்டம் வைத்து, நான்கு சென்ரிமீற்றர் நீளமும் இரண்டு அகலமுமாக இரண்டு துண்டு வெட்டினேன். ஒரே பேனா, ஒரே அளவு எழுத்து. "யோகன்" மூன்று எழுத்து, "அருள்" மூன்று எழுத்து. மை அழுத்தம் தாளின் பின்பக்கம் தடவினால் தெரியுமோ என்று சோதித்தேன். தெரியவில்லை. இரண்டையும் நான்காக மடித்து, ஒரு மணிநேரம் தடித்த அகராதியின் கீழ் வைத்தேன்.

சீட்டுக்கு முன் வாசிக்க வேண்டிய பகுதியையும் அக்கா என்னிடமே ஒப்படைத்திருந்தார். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று குறிக்க வேதத்தை எடுத்தேன். தெரிந்த பகுதிதான். யூதாஸ் போனபின் பதினொருவர் மிஞ்சுகிறார்கள். மாடியறையில் நூற்றிருபது பேர். பேதுரு எழுந்து, அந்த இடத்துக்கு ஒருவரைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்கிறார். ஆனால் அதற்கு முன் ஒரு நிபந்தனை வைக்கிறார்: தொடக்க நாள் முதல் கடைசி வரை எங்களோடு கூடவே இருந்த ஒருவராக அவர் இருக்க வேண்டும். அதன் பிறகுதான் இருவர் நிறுத்தப்படுகிறார்கள். அதன் பிறகுதான் செபம், சீட்டு. அந்த இருவரும் நிபந்தனைக்குள் வந்தவர்கள். சீட்டு மத்தியாவுக்கு விழுந்தது.

பேனாவை வைத்துவிட்டேன். அக்கா வியாழக்கிழமை எனக்குக் காட்டிய கொப்பியை எடுத்தேன். அத்தான் ஒவ்வொரு ஞாயிறும் எழுதிய தடித்த கொப்பி: திகதி, வந்தவர்கள், வாசிப்பு, செபம் செய்தவர், கடைசி வரியில் பாண் கொண்டு வந்தவர். முதல் பக்கத்தில் மூன்று பெயர்கள். அத்தான், அக்கா, அருள். அப்போது அருளுக்குப் பப்பியே, அதாவது வதிவிடப் பத்திரமே, இல்லை. இந்த முன்னறையில் மேசைக்கடியில் படுத்திருந்தார். கடைசி வரி: "பாண்: அருள்." புரட்டினேன். ஒவ்வொரு ஞாயிறும் அதே வரி. ஆறு வருடத்துக்கு முந்திய ஒரு பக்கத்தில்தான் யோகனின் பெயர் முதலில் வருகிறது.

முதல் சபை செய்த மாதிரியே செய்வதென்றால் அருள் ஒருவரைத்தான் நிறுத்த முடியும். சீட்டே தேவையில்லை.

குசினியில் அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். எழுந்து ஆறு அடி வைத்தால் சொல்லியிருக்கலாம். நான் எழவில்லை. என்னை அழைத்தது சீட்டு எடுக்க, விதி சொல்ல அல்ல என்று நினைத்தேன். கந்தோரில் என் மேசைக்கு வராத கோப்பு எதையும் நான் ஒருநாளும் திறந்ததில்லை. அதோடு, பெட்டி தூக்கியவனுக்காகப் பேசுகிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்ற கவனமும் இருந்தது. பென்சிலால் ஒரு கோடு போட்டேன். நிபந்தனைக்குக் கீழே, இருவர் நிறுத்தப்படும் இடத்தில்.

ஞாயிறு, 15. மழை. அருள் இரண்டு மணிக்கே வந்து தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து, கதிரைகளைப் போட்டார். கையில் உணவகத்து நீளப் பாண், தாளில் சுற்றியபடி. எங்கள் ஊர் அச்சுப்பாணைப் போல அல்ல. மேற்பட்டை பிட்கும்போது சத்தம் போடும். மூன்று மணிக்குப் பதினேழு பேர் இருந்தார்கள். மேலங்கிகள் அக்காவின் கட்டிலில் குவிந்தன. கீழ்வீட்டு மதாம் தடியால் தட்டாதிருக்கப் பாட்டுகளைத் தாழ்ந்த குரலில்தான் பாடுகிறார்கள். மணி அடித்து, ஊர் கேட்கப் பாடிப் பழகிய நானும் குரலைத் தாழ்த்திச் சேர்ந்து பாடினேன்.

நான் எழுந்து நின்று, கோடு போட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். முதற் சொல்லிலேயே அருள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார். வேறு யாரும் அசையவில்லை.

ரட்ணம் அண்ணை செபம் செய்தார். கதவின் பின்னால் தொங்கிய அத்தானின் கம்பளித் தொப்பியை அக்கா எடுத்து வந்தார். சீட்டுகளை எல்லோருக்கும் காட்டி உள்ளே போட்டேன். கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன்.

யோகன்.

முதலில் எழுந்து போய் யோகனைக் கட்டிப்பிடித்தவர் அருள். யோகன் சிறுபிள்ளைபோல அழுதார். "அருள் அண்ணை, நீங்கள் பக்கத்திலை நிண்டாத்தான் என்னாலை ஏலும்."

"நிப்பன், நிப்பன். அழாதை. பிள்ளையள் பாக்குதுகள்."

பாண் பிட்டார்கள், தேநீர் குடித்தார்கள். "ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. தம்பியின்ரை கை ராசியான கை," என்று ரட்ணம் அண்ணை என் தோளில் தட்டினார். அருள் கோப்பைகளைக் கழுவித் துடைத்து அடுக்கினார். நான் கொப்பியில் அன்றைய பக்கத்தை எழுதினேன்: திகதி, வந்தவர்கள், வாசிப்பு, தெரிவு செய்யப்பட்டவர் யோகன், பாண் அருள்.

எல்லோரும் போனபின் அக்கா கதவடியில் நின்று கூப்பிட்டார். வழக்கமாக வீட்டுச் சாவி தொங்கும் ஆணியில் இரண்டு சாவிகள் தொங்கின. "தன்ரை சாவியை வைச்சிட்டுப் போயிட்டான்," என்றார். தொலைபேசியில் மூன்று முறை முயன்றார். அருள் எடுக்கவில்லை.

"நாளைக்கு அவனுக்கு லீவு. நீ போய்ப் பார், சீலன். நீதானே எடுத்தனீ."

திங்கட்கிழமை. அருள் இருப்பது வில்லியே லே பெல்லில். வடக்கு நிலையத்திலிருந்து ஐந்தாவது நிறுத்தம் என்று அக்கா எழுதித் தந்திருந்தார். நான் நிறுத்தங்களை விரல் மடக்கி எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. இறங்கினேன். பலகையில் கூசேன்வில் என்று இருந்தது. யோகனின் ஊர்.

மேடையில் தொப்பி அணிந்த முதியவர் ஒருவர் தமிழில் தொலைபேசியில் பேசி முடித்தார். பாண்டிச்சேரிக்காரர், இங்கே தபால் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கேட்டேன்.

"எண்ணிக்கிட்டா வந்தீங்க முசே?" என்று சிரித்தார். "இங்க ஒவ்வொரு ரயிலும் ஒவ்வொரு மாதிரி நிக்கும். சிலது ரெண்டு ஸ்டேஷன வுட்டுட்டு வந்துடும். எண்ணக் கூடாது, பேரப் படிக்கணும். எதிர்ல வர்றதுல ஏறி ரெண்டாவதா இறங்குங்க."

எதிர் ரயிலில் ஏறி, ஒவ்வொரு பெயரையும் வாசித்துக்கொண்டு போனேன். யாழ்தேவியில் இந்தத் தொல்லை இல்லை. இறங்க வேண்டிய இடத்தைப் பெட்டியில் உள்ள எல்லோரும் சொல்லித் தருவார்கள். இங்கே ஒருவர் கண் இன்னொருவர் மேல் படுவதில்லை. பிறகு ஒரு பேருந்து, அதுவும் எதிர்த்திசையில். பத்து மணிக்குப் போய்ச் சேர வேண்டியவன் பன்னிரண்டே காலுக்குக் கதவைத் தட்டினேன்.

மூன்று பேர் இருக்கும் அறை. மற்ற இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அருள் கதவைத் திறந்து, "வாங்கோ அண்ணை. நேசமக்கா அனுப்பினவவோ?" என்றார். நனைந்த என் மேலங்கியை வாங்கி ஹீற்றரில் போட்டார். கட்டிலின் மேல் ஒரு சூட்கேஸ் திறந்தபடி இருந்தது.

"முதலிலை சாப்பிடுவம்." பாணை வெட்டி, செத்தல் மிளகாய்ச் சம்பலும் முட்டைப் பொரியலும் வைத்தார். பசியோடு சாப்பிட்டேன்.

"சாவியை ஏன் வைச்சிட்டு வந்தனீர்?"

"சாவி சபை நடத்துறவரிட்டை இருக்க வேணும். இனி முன்னுக்கு வந்து கதிரை போட யோகனுக்குத்தான் தேவை."

"இது எங்கை பயணம்?"

"துலூஸ். என்ரை பத்ரோன் முதலாளியின்ரை தம்பி அங்கை ஒரு ரெஸ்தோ திறந்திருக்கிறான். ரெண்டு வருசமாய்க் கேக்கிறான். ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சபை இருக்கு, ஏலாது எண்டு நான்தான் சொல்லிக்கொண்டு வந்தனான்."

"இப்ப?"

"இப்ப எனக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லையே அண்ணை."

தட்டைத் தள்ளி வைத்தேன். "அருள், நேற்று நான் வாசிச்ச இடம்..."

"கொஞ்சம் தள்ளித் தொடங்கினீங்கள்."

"உமக்குத் தெரியுமோ?"

"மாஸ்டர் எனக்கு வாசிக்கப் பழக்கினது அந்தப் பக்கத்திலைதான். சண்டைக்குள்ளை பள்ளிக்கூடம் போகேல்லை, எழுத்துக் கூட்டத் தெரியாது. முதல் குளிருக்கை ஒவ்வொரு வரியாய் விரல் வைச்சுச் சொல்லித் தந்தவர். அந்த வரி எனக்குப் பாடம் அண்ணை."

"பேந்து ஏன் நீர் எழும்பிச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? நான்தான் முதலிலை இருந்தனான், என்னை எடுங்கோ எண்டோ?" சிரித்தார். சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை. "நீங்கள் வாசிப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

ஹீற்றரில் என் மேலங்கியிலிருந்து நீர் சொட்டி ஆவியாகும் சத்தம் கேட்டது. நான் பார்த்ததையும், கோடு போட்டதையும், ஏன் போட்டேன் என்பதையும் சொன்னேன்.

"இண்டைக்கே போய் எல்லாரிட்டையும் சொல்லுறன். திருப்பிச் செய்வம்," என்றேன்.

"சீட்டைத் திருப்பி எடுக்கிறதோ? அப்ப அது சீட்டில்லை. அவன் யோகன் நல்ல பெடியன், அவனைக் குழப்பாதேங்கோ. அரைவாசிப் பேர் இஞ்சாலை, அரைவாசிப் பேர் அங்காலை எண்டு நிப்பினம். நேசமக்கா தாங்க மாட்டா."

அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தேடினேன். முதல் சபை பரவியதே அப்படித்தான் என்று சொன்னேன். எருசலேமில் இருந்து சிதறிப் போனவர்கள்தான் செய்தியை அந்தியோகியா வரை கொண்டு போனார்கள். அனுப்பப்பட்டவர்களை விட, போக நேர்ந்தவர்கள் செய்த ஊழியம் பெரிது.

"அவையளை அடிச்சுக் கலைச்சவை, அண்ணை," என்றார் அருள் மெதுவாக. "என்னை ஒருத்தரும் கலைக்கேல்லை."

அவர் ஒரு சட்டையை மடித்துச் சூட்கேசில் வைத்தார். ஓரம் ஓரத்தோடு பொருந்தும் மடிப்பு. நான் மடிப்பதைப் போலவே.

"மத்தியாவோடை நிண்ட மற்ற ஆள், பர்சபா. அவர் பேந்து என்ன செய்தவர்?"

"எழுதேல்லை. அதுக்குப் பிறகு ஒரு வரியும் இல்லை."

"எழுதாட்டில் என்ன. எங்கையாவது ஒரு வீட்டிலை பாண் பிட்டுக் குடுத்திருப்பார்." சூட்கேசின் மூடியைத் தாழ்த்தினார். "புதன்கிழமை ரயில். நேசமக்காவுக்கு நான் போய்ச் சேர்ந்து கோல் எடுப்பன் எண்டு சொல்லுங்கோ. இப்ப கதைச்சால் அழுவன்."

பேருந்து நிறுத்தம் வரை கூட வந்து, சரியான திசையில் என்னை ஏற்றிவிட்டார். கையில் அரைப் பாணைத் தாளில் சுற்றித் தந்தார். "வழியிலை பிந்தினால் சாப்பிடுங்கோ."

நான்கரைக்கு வீட்டுக்கு வந்தேன். அக்கா பிட்டு அவித்துக்கொண்டிருந்தார்.

"வாறானோ?"

"இல்லை."

துலூசைச் சொன்னேன். பிறகு, நின்றபடியே, மற்றதையும் சொன்னேன். அக்கா அடுப்பை அணைத்தார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"சனிக்கிழமை காலமை."

அவர் திட்டவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். "எனக்கு அவன்தான் வர வேணுமெண்டு இருந்தது, சீலன். நான் வாய் திறந்தால் பிள்ளை மாதிரிப் பாத்தவனுக்காகக் கதைக்கிறா எண்டு சொல்லுவினம் எண்டு பயம். நீ எண்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுவாய் எண்டுதானே உன்னைக் கூப்பிட்டனான்."

இருவரும் பக்கத்துப் பக்கத்தில் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு மூன்று நாள் இருந்திருக்கிறோம்.

நான் கொண்டு வந்த அரைப் பாணைக் கண்டதும் அக்கா அதை எடுத்துத் தாளைப் பிரித்து, திரும்பவும் சுற்றினார். "ஞாயிற்றுக்கிழமை பாண் ஆர் கொண்டு வாறது?" என்றார். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை. எதிர்ப்பக்கத்தில், இருபது அடி தூரத்தில், பேக்கரி திறந்துதான் இருந்தது.

செவ்வாய், 17. ஐந்து மணிக்கு எழுந்தேன். முகம் கழுவவில்லை, சவரம் செய்யவில்லை. கொப்பியை எடுத்து, நேற்று முன்தினம் நான் எழுதிய பக்கத்தின் கீழே மிஞ்சியிருந்த ஐந்து வரி இடத்தில் எழுதினேன்: "அன்றைய வாசிப்பில் சில வரிகளை விட்டுத் தொடங்கினேன். தொடக்கம் முதல் கூடவே இருந்தவரே தெரிந்தெடுக்கப்பட வேண்டும் என்பது அந்த வரிகளின் பொருள். அது எனக்கு முன்பே தெரியும். இந்தச் சபையில் அப்படி இருந்தவர் அருள். சீட்டை எடுத்தவன், ஜெயசீலன்." திகதி போட்டேன். வரும் ஞாயிறு யோகன் உட்காரப்போகும் கதிரைக்கு முன்னால், மேசையில், கொப்பியை அந்தப் பக்கத்திலேயே திறந்து வைத்தேன். பிறகு முகம் கழுவப் போனேன்.